குதிரை நடந்த அளவு மண்

கெசினா ஃபென்டர் நாற்பது வயதுக்குள் ஒன்பது முறை ஊர் மாறியிருந்தாள். ஒரு தடவைகூட அவளை யாரும் கேட்டுவிட்டு மாறவில்லை.

அவள் பிறந்ததே கரூ வறள்வெளியில், நின்றுபோன ஒரு மாட்டுவண்டிக்குள். அச்சாணி முறிந்ததால் வண்டி நின்றது, வண்டி நின்றதால் நீ பிறந்தாய் என்று அம்மா சொல்வாள். அப்பாவுக்கு ஒரே ஒரு வேதவாக்கு உண்டு. அது பைபிளில் இல்லாதது. "பக்கத்து வீட்டுப் புகை கண்ணுக்குத் தெரிஞ்சா மாட்டைப் பூட்டு." புகை தெரிந்துகொண்டேதான் இருந்தது. அவரும் மாட்டைப் பூட்டிக்கொண்டேதான் இருந்தார்.

பிறகு கல்யாணம். கணவன் பாரெண்டுக்குப் புகை பெரிதில்லை, இங்கிலீஷ்காரன்தான் பெரிது. "அவன் சட்டத்துக்குக் கீழ என் மயிர்கூட நரைக்காது" என்றான். அந்தச் சட்டங்களில் ஒன்று அடிமைகளை விடுவித்த சட்டம். அதை மட்டும் ஆண்கள் சத்தமாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தேழில் அக்கம்பக்கத்து வண்டிகளெல்லாம் வடக்கே திரும்பியபோது இவர்கள் வண்டியும் திரும்பியது. வண்டி நிறைய மாவு, வெடிமருந்து, கோழிக்கூண்டு, மாமியார். கெசினாவுக்கு இடமில்லை. நடந்தாள். ஆரஞ்சு ஆறு வரை நடந்தாள், மலையேறி இறங்கி நேட்டால் வரை நடந்தாள். அங்கேயும் இங்கிலீஷ்காரன் கொடியோடு வந்து இறங்கினான். இறங்கிய மலையையே திரும்ப ஏறி, வால் ஆற்றைத் தாண்டி, கடைசியில் ஓரிக்ஸ்டாட் பள்ளத்தாக்கு வரை நடந்தாள். தோல்செருப்பு எத்தனை ஜோடி தேய்ந்தது என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள், பிறகு விட்டுவிட்டாள். பாதம் தேயவில்லையே, அது போதும்.

ஓரிக்ஸ்டாட்டில் காய்ச்சல் வந்தது. ஒரே மாதத்தில் பாரெண்டும் இரண்டு ஆண்பிள்ளைகளும் போனார்கள். மிஞ்சிய ஒரு மகள் கல்யாணமாகி ஆற்றுக்கு அப்பால் இருந்தாள். சாகாதவர்கள் எல்லாம் மேட்டு நிலத்துக்கு ஏறி லைடன்பர்க் என்று ஒரு ஊரைக் கட்டினார்கள். கெசினாவும் ஏறினாள். ஒன்பதாவது முறை. ஏறி முடித்ததும் வண்டியின் சக்கரங்களைத் தன் கையாலேயே கழற்றி, கோழிக்கூட்டுக்குச் சுவராக வைத்துவிட்டாள்.

"இனி யார் புகை வந்தாலும் வரட்டும்" என்றாள் மகளிடம். "இருமிக்கிட்டே இருந்துட்டுப் போறேன்."

பாரெண்டின் குடியுரிமைக்கு ஒரு பண்ணை உண்டு என்று குடியேறிகளின் மன்றம் ஒப்புக்கொண்டிருந்தது. அது விதவைக்கும் செல்லும். பண்ணையை அளக்கச் சங்கிலியும் கிடையாது, அளப்பவனும் கிடையாது. வட்டாரத் தலைவர் கடிகாரத்தோடு வருவார், முடியாவிட்டால் இரண்டு சாட்சிகள் போதும். வீட்டு வாசலிலிருந்து ஒரு குதிரையை நடக்கவிடுவார்கள். அரைமணி நேரம் நடந்து அது நிற்கிற இடத்தில் கல் குவிப்பார்கள். இப்படி நாலு திசையிலும். நாலு குவியலுக்கு நடுவே உள்ளது உன்னுடையது. இரண்டு பண்ணைகள் உரசிக்கொண்டால் முதலில் அளந்தவனுக்கு முதல் உரிமை. நடுவே யார் பண்ணையிலும் சேராத துண்டு மிஞ்சினால் அது அரசாங்கத்துக்கு. யார் விண்ணப்பித்தாலும் கிடைக்கும்.

கெசினா வீட்டை ஊற்றுக்குப் பக்கத்தில் கட்டவில்லை. ஈரத்திலிருந்து எழும் கெட்ட காற்றுதான் காய்ச்சல் என்று எல்லோரையும் போல அவளும் நம்பினாள். மூன்று பேரைப் புதைத்த பயம். வெகுதூரம் தள்ளி மேட்டில் கட்டினாள். தினமும் மாடுகளை ஊற்றுக்கு ஓட்டிப்போய் வந்ததில் தூரம் காலுக்கே மனப்பாடம்: நாலாயிரத்து இருநூறு காலடி. அந்த ஊற்று இருந்தால் அது பண்ணை. இல்லாவிட்டால் வெறும் பாறையும் புல்லும். மகள் வீட்டில் ஒரு மூலையில் ஒண்ட வேண்டும், அல்லது லூரன்ஸ் ஸ்வானபூலைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஸ்வானபூல் பக்கத்துப் பண்ணைக்காரர். மனைவியை இழந்தவர். சுத்தமான தாடி, சுத்தமில்லாத வாய். சண்டையில் பிடித்துவந்த கறுப்புப் பிள்ளைகள் நாலு பேரை, தொழில் பழகுகிறவர்கள் என்று பெயர் எழுதி வீட்டில் வைத்திருந்தார். பெண் கேட்க வருகிறவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பது அங்கே வழக்கம். அது எரிந்து முடியும்வரை உட்கார்ந்து பேசலாம். பெண்ணுக்குப் பிடித்திருந்தால் நீளமான மெழுகுவர்த்தி. ஸ்வானபூல் பொழுது சாய்ந்ததும் வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கெசினா கட்டைவிரல் நகத்தளவு துண்டு ஒன்றை ஏற்றி வைத்தாள்.

"இது என்னம்மா கெசினா, நான் குல்லாவக் கழட்டுறதுக்குள்ள அணைஞ்சிரும் போலிருக்கே?"

"அப்ப எதுக்கு மாமா கழட்டுறீங்க? தலையில சளி புடிச்சிக்கும்."

தாடிக்குள்ளே சிரித்துக்கொண்டுதான் அவர் எழுந்து போனார். மறுமாதம் பெருமழை விட்டு வெயிலடித்த ஒரு காலையில், கெசினா மாடுகளை ஓட்டிக்கொண்டு ஊற்றுக்குப் போனாள். ஊற்றுக்கு இந்தப் பக்கம், அதாவது அவள் பக்கத்தில், புதிதாக ஒரு கற்குவியல் நின்றது. மேலே சுண்ணாம்பு பூசியிருந்தது. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.

ஊற்றில் மபூலா பானையோடு இருந்தாள். சரிவில் சோளம் கொத்துகிற குடும்பத்தைச் சேர்ந்தவள். இவர்கள் வண்டிகள் வருவதற்கு முன்பே, எத்தனையோ தலைமுறைக்கு முன்பே, அந்தக் குடும்பம் அங்கே இருந்தது. மபூலாவின் பேச்சு கெசினாவுக்குக் கொஞ்சம் வரும். மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசும் அளவுக்கு.

"யாரு வெச்சது?" என்றாள் கெசினா.

"தாடிக்காரன். ரெண்டு பேரைக் கூட்டியாந்தான். பழுப்புக் குதிரை." மபூலா பானையைச் சாய்த்தாள். "ரொம்ப அவசரமா வந்துச்சி அந்தக் குதிரை. பொண்டாட்டிக்குப் பிரசவமோ என்னமோ."

கெசினா குனிந்து தரையைப் பார்த்தாள். மழை ஈரத்தில் பதிந்த குளம்புத் தடங்கள் வெயிலில் ஓடுபோல இறுகத் தொடங்கியிருந்தன. ஆயிரம் மைல் மாட்டுக்கும் குதிரைக்கும் பின்னால் நடந்தவள் அவள். மற்றவர்கள் வானத்தைப் பார்த்த நேரமெல்லாம் அவள் தடத்தைத்தான் பார்த்திருந்தாள். நடக்கிற குதிரையின் பின்காலடி முன்காலடியின் மேலேயே விழும். இங்கே பின்காலடி முன்காலடியைத் தாண்டி ஒன்றரைச் சாண் தள்ளி விழுந்திருந்தது, ஒவ்வொன்றும். இது நடையில்லை. நழுவுநடை. நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில், சவாரிக்காரன் மடியில் காப்பிக் கோப்பை வைத்திருந்தாலும் சிந்தாதபடி வழுக்கிக்கொண்டே போகிற நடை. ஸ்வானபூலின் பழுப்புக் குதிரை கோனிங்கை அதற்குத்தான் பழக்கியிருந்தார்கள். சேணத்தில் இருப்பவனுக்கு நடப்பது போலவே இருக்கும். தூரமோ நடையைப் போல ஒன்றரை மடங்கு ஓடும்.

அவள் வீட்டிலிருந்து ஒரு மாட்டுத்தோலைக் கொண்டுவந்து தடங்களின் மேல் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா வண்டிகளும் கோவிலைச் சுற்றி வந்து நிற்கும் நாள். வட்டாரத் தலைவர் ஹெர்மானஸ் பாடன்ஹோர்ஸ்ட் ஒரு வண்டி நிழலில் உட்கார்ந்து ரஸ்க்கைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தார். பருத்த மனிதர். சண்டை என்றால் துப்பாக்கி எடுக்கவும், சச்சரவு என்றால் தீர்ப்புச் சொல்லவும் அவர்தான்.

"ஹெர்மானஸ் அண்ணே, நடைன்னா என்ன?" என்றாள் கெசினா.

"உக்காரு தங்கச்சி. காப்பி குடி. அது என்ன கேள்வி?"

"சட்டத்துல குதிரை நடக்கணும்னு இருக்கா, நழுவணும்னு இருக்கா?"

பக்கத்தில் உப்புக்கண்டத்தைச் சீவிக்கொண்டிருந்த ஸ்வானபூலின் கத்தி ஒரு கணம் நின்றது. "கோனிங் நடக்குறதே அப்படித்தான். ஆண்டவன் அதுக்குக் குடுத்த நடை. ஆண்டவன்கிட்டப் போய்க் கேளு."

"ஆண்டவன் குடுத்த நடைய நீங்க ரெண்டு வருசம் முன்னங்காலக் கட்டி வெச்சிப் பழக்கினீங்களே, அது எதுக்கு மாமா?"

சுற்றியிருந்த ஆண்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்தது ஸ்வானபூலுக்கு உறைத்தது. "பொம்பளை இல்லாத வீடு கெட்டுப்போகும்னு சொல்வாங்க. ஆம்பளை இல்லாத வீடு இப்படித்தான் கோவில் வாசல்ல வந்து கத்தும்."

"கத்தல மாமா. தடம் அங்கதான் கிடக்கு, தோல் போட்டு மூடி வெச்சிருக்கேன். அண்ணன் வந்து பாக்கட்டும். நடைதான்னு அவர் வாயால சொன்னா, அந்தக் கல்லுக்கு நானே இன்னொரு தடவை சுண்ணாம்பு பூசுறேன்."

பாடன்ஹோர்ஸ்ட் ரஸ்க்கை மறந்தார். அது கோப்பைக்குள் கரைந்து விழுந்தது. அவருக்குச் சச்சரவு பிடிக்காது, ஆனால் தடம் பார்ப்பது பிடிக்கும். புதன்கிழமை வருவதாகச் சொன்னார்.

புதன்கிழமை வந்தார், ஸ்வானபூலையும் கூட்டிக்கொண்டு. தோலைத் தூக்கிப் பார்த்து, முழங்கால் நெட்டி முறிய உட்கார்ந்து, ஒன்றரைச் சாணையும் தன் கையாலேயே அளந்தார். எழுந்தபோது ஸ்வானபூலின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"மறுபடி நடக்கவிடலாம் லூரன்ஸ். நடைதான். ரெண்டு வீட்டுல இருந்தும்."

முதலில் ஸ்வானபூலின் வாசலிலிருந்து. கோனிங்குக்கு நடக்கவே மறந்திருந்தது. பத்தடி நடக்கும், அதற்குள் நழுவிவிடும். பாடன்ஹோர்ஸ்ட் ஒவ்வொரு முறையும் நிறுத்தச் சொன்னார். கடைசியில் கெசினா கடிவாளத்தைக் கேட்டாள். "சேணத்துல ஆள் இருந்தாத்தானே அதுக்கு அவசரம். நான் புடிச்சிட்டு நடக்குறேன். மனுசி நடந்தா அது நடைதானே?" ஸ்வானபூல் மறுக்க வாயெடுத்தார். மறுத்தால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் வாயை மூடிக்கொண்டார். கெசினா ஏமாற்றவில்லை. சோம்பியும் நடக்கவில்லை. பாடன்ஹோர்ஸ்ட் கடிகாரத்தை மூடியபோது குதிரை ஒரு பெரிய கரையான் புற்றுக்குப் பக்கத்தில் நின்றது. ஊற்று இன்னும் வெகுதூரத்தில், நாணல் நுனி மட்டும் தெரிந்தது.

ஸ்வானபூல் கீழே துப்பினார். "சரி. எனக்கில்ல. உனக்குன்னு யார் சொன்னா? உன் வீட்டுல இருந்து அரைமணியில குதிரை அங்க வரணும். வரலேன்னா அது துண்டு நிலம். துண்டு நிலத்துக்கு நாளைக்கே நான் விண்ணப்பம் போடுவேன். உங்கிட்டக் குதிரைகூட இல்ல, கெசினா."

உண்மைதான். அவள் குதிரை போன கோடையில் குதிரைகளுக்கு வரும் கொள்ளைநோயில் வாயில் நுரை தள்ளிச் செத்திருந்தது. அந்தப் பக்கத்தில் நம்பி வாங்கக்கூடிய குதிரை என்றால் அந்த நோய் வந்து பிழைத்த குதிரை. அது எளிதில் கிடைப்பதில்லை.

"என்னோடத எடுத்துக்கோ" என்றார் பாடன்ஹோர்ஸ்ட். அவருடையது கிழட்டுச் சாம்பல் குதிரை. நோய் வந்து பிழைத்தது, பிழைத்த களைப்பு இன்னும் தீராதது. ஸ்வானபூல் அதைப் பார்த்துவிட்டு முதல்முறையாக அன்று சிரித்தார்.

"இது அரைமணியில உன் கோழிக்கூட்டத் தாண்டினாலே பெரிசு."

கெசினா வாசலில் செருப்பைக் கழற்றினாள். குல்லாவின் நாடாவை இறுக்கிக் கட்டினாள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. நாலாயிரத்து இருநூறு காலடி, அரைமணி. மனசுக்குள் ஒரு பாட்டும் இல்லை, ஜெபமும் இல்லை. எண்ணிக்கை மட்டும்.

நடந்தாள். இருபது எருது இழுக்கும் வண்டியோடு சமமாக நடந்த கால். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையேறிய கால். கிழட்டுக் குதிரை கழுத்தை முன்னே நீட்டிக்கொண்டு, இழுபட்டபடி வந்தது. எண்ணூறு. ஆயிரத்து நூறு. ஸ்வானபூல் கோனிங்கிலும் பாடன்ஹோர்ஸ்ட் அவரிடம் இரவல் வாங்கிய குதிரையிலுமாகப் பக்கத்தில் வந்தார்கள்.

"மெதுவா வர்றியே" என்றார் ஸ்வானபூல்.

"பேசுனா மூச்சுப் போகும் மாமா. உங்களுக்கு அது பத்தாது, பத்திரமா வெச்சிக்குங்க."

இரண்டாயிரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. போதவில்லை. இதே வேகத்தில் போனால் முந்நூறு காலடி துண்டு விழும். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இழுத்தாள். குதிரை இரண்டடி வேகமாக வைத்தது, மறுபடி தளர்ந்தது. மகள் வீட்டு மூலை கண்ணில் வந்தது. அங்கே அவளுக்கென்று போடப்போகும் கட்டில், மருமகனின் இருமல், அடுத்த புகைக்கு அடுத்த வண்டி. பத்தாவது முறை.

அப்போது காற்று திரும்பியது.

சாம்பல் குதிரையின் மூக்கு விரிந்தது. காலையிலிருந்து அது தண்ணீர் குடிக்கவில்லை. நாணலின் வாசனையும் ஈரமண்ணின் வாசனையும் சரிவேறி வந்தன. காது நிமிர்ந்தது. இழுபட்ட கயிறு தளர்ந்தது. குதிரை அவள் தோளுக்குப் பக்கத்தில் வந்தது, பிறகு முந்தியது. கெசினாவுக்குச் சிரிப்பு வந்தது. அது வந்த வேகத்தில் போயும் விட்டது. குதிரை ஓடப் பார்த்தது.

"ஓடுது! ஓடுது!" என்று கத்தினார் ஸ்வானபூல். "பாத்துக்கோ ஹெர்மானஸ், ஓடினா செல்லாது!"

"இன்னும் ஓடல" என்றார் பாடன்ஹோர்ஸ்ட்.

கெசினா கடிவாளத்தில் தொங்கினாள். உடம்பின் மொத்தக் கனத்தையும் குதிகாலில் ஊன்றி, குதிரையின் தாடையை நெஞ்சோடு அணைத்து, பின்னோக்கிச் சாய்ந்தபடியே முன்னோக்கி நடந்தாள். இவ்வளவு நேரம் "வா, வா" என்று இழுத்த வாயால் "நட சனியனே, நட" என்று பல்லைக் கடித்தாள். கல்லில் கால் கிழிந்தது. குதிரை தலையை உதறியது, அவள் விடவில்லை. ஓட்டம் அதன் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. காலுக்கு இறங்க அவள் விடவில்லை. எண்ணிக்கை எங்கோ மூவாயிரத்து ஐந்நூறில் தொலைந்துபோனது. சேறு குளிர்ச்சியாகக் காலில் பட்டபோதுதான் எங்கே வந்திருக்கிறோம் என்று தெரிந்தது.

"நேரம்!" என்றார் பாடன்ஹோர்ஸ்ட்.

குதிரை நாலு காலும் சேற்றில் புதைய நின்று குடித்துக்கொண்டிருந்தது. ஊற்றுக்கண் அதன் வயிற்றுக்குப் பின்னால், கெசினாவின் எல்லைக்குள் இருந்தது. பாடன்ஹோர்ஸ்ட் இறங்கி, வந்த தடத்திலேயே வெகுதூரம் பின்னால் நடந்துபோய்ப் பார்த்தார். பின்காலடி முன்காலடியின் மேல். எல்லா இடத்திலும்.

"நடைதான்" என்றார்.

ஸ்வானபூலின் கல்லைப் பாடன்ஹோர்ஸ்டே கலைத்து, அதைக் குதிரை நின்ற இடத்தில் குவிக்கக் கெசினாவிடம் சொன்னார். ஸ்வானபூல் கோனிங்கின் மேலிருந்தே குவியலைப் பார்த்தார். "கேப்பார் இல்லாத பொம்பளைக்கு ஊத்து. நாடு உருப்பட்டுரும்" என்றார். போகும்போது, எதிர்க்கரையில் இவ்வளவையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மபூலாவைச் சாட்டையால் சுட்டினார். "இனிமே உன் தலைவலி. உன் எல்லைக்குள்ள இருக்குறவங்கள நீதான் விரட்டணும். உன்னால ஆகலேன்னா சொல்லியனுப்பு, வந்து ஒரே நாள்ல காலி பண்ணித் தர்றேன்."

"என் எல்லைக்குள்ள நீங்களும்தான் இப்ப நிக்கிறீங்க மாமா. முதல்ல நீங்க காலி பண்ணுங்க."

பாடன்ஹோர்ஸ்ட் சேணப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பண்ணைக்கு என்ன பெயர் என்று கேட்டார். அந்த நாட்டில் பண்ணைகளுக்கு மனசில் பட்டதையே பெயராக வைப்பார்கள். எதிர்பாராதது, திருப்தி, கடைசியில் கிடைத்தது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. கெசினா யோசிக்கவில்லை.

"இனி நகரமாட்டேன்."

"அது பேரா?"

"அதுதான் பேரு. எழுதுங்க அண்ணே."

எழுதினார். இருவரும் போனபிறகு கெசினா கற்குவியலின் மேலேயே உட்கார்ந்து காலைப் பார்த்தாள். இடது குதிகாலில் ரத்தம். மபூலா ஊற்றுக்கு இறங்கி வந்து, குதிரை கலக்கியது தெளியும்வரை காத்திருந்தாள்.

"அந்த ஆளு என்ன எழுதினான்?"

"இது என்னோடதுன்னு எழுதினாரு."

மபூலாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று கெசினாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

"ஒரு குதிரை நடந்தா நிலம் வந்துருமா? எங்க ஆடு தினம் இங்க வருது. எங்க வீட்டுக்காரரோட தாத்தன் இந்த ஊத்துக்கண்ணைத் தோண்டினாரு. அவரு எந்தக் குதிரையையும் கேக்கல."

"சட்டம் இருக்கு."

"யாரு சட்டம்?"

கெசினாவுக்குப் பதில் தெரியும். இங்கிலீஷ்காரனிடம் பாரெண்ட் இதே கேள்வியைத்தான் கேட்டான், இதே மாதிரி தாடையைத் தூக்கிக்கொண்டு. எழுந்து நின்றாள். ஊற்றுக்கும் மபூலாவுக்கும் நடுவே போய் நின்றாள்.

"நாளையில இருந்து இங்க வராத."

மபூலா சுற்றிக்கொண்டு போகவில்லை. நேரே வந்தாள். கெசினாவின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, குனிந்து, கெசினாவின் ரத்தம் கசிந்த காலுக்குப் பக்கத்திலேயே பானையை அமிழ்த்தினாள். தண்ணீர் குளுகுளுவென்று பானைக்குள் இறங்குகிற சத்தம் முடியும்வரை இருவரும் அசையவில்லை. கெசினா தள்ளவும் இல்லை, வழிவிடவும் இல்லை. பானை நிறைந்ததும் மபூலா தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"நாளைக்குச் சோளம் ஊறவைக்கணும்" என்றாள். "ஒரு பானை பத்தாது."

புதுக் கற்குவியலைச் சுற்றாமல், அதன் மேலேயே ஏறி மிதித்து இறங்கிப் போனாள். இரண்டு கல் உருண்டது. கெசினா அவற்றை எடுத்துத் திரும்ப வைத்தாள்.

மறுநாள் மூன்று பெண்கள் வந்தார்கள்.